அத்தை வீட்டுப் பாட்டு

அயர்லாந்தின் நாட்டுப்புறப் பாடகர் யாரைப் பற்றிப் படித்தாலும், 'பாடகர் பரம்பரையில் வந்தவர்' என்ற சொற்கள் அநேகமாக முதல் பத்தியிலேயே வந்துவிடும். படித்தவுடன் ஒரு வம்சாவளி நம் மனதில் விரிகிறது: பாட்டி தாய்க்குச் சொல்லிக்கொடுத்தாள், தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள், அந்த மகள் இன்று மேடையில் பாடுகிறாள், ரத்தத்தில் ஊறிய கலை. பார்க்க அழகான படம்தான். ஆனால் அந்நாட்டுக் கிராமக் குடும்பங்களைப் பற்றி நன்றாகப் பதிவாகியிருக்கும் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அந்தப் படம் நிற்பதில்லை. பாட்டு அங்கே தாயிடமிருந்து மகளுக்கு நேராக இறங்கியதைவிட, பக்கவாட்டில் நகர்ந்ததே அதிகம். அத்தையிடமிருந்து மருமகளுக்குப் போயிருக்கிறது. பண்ணையில் கூலி வேலை செய்தவர்களிடமிருந்து எஜமானர் வீட்டுப் பெண்ணுக்குப் போயிருக்கிறது. வாசலில் வந்து நின்ற நாடோடியிடமிருந்து வீட்டுக்காரிக்குப் போயிருக்கிறது. வந்தவர்களை உட்காரவைத்து, பாடச் சொல்லி, காதுகொடுத்துக் கேட்ட வீடுதான் பாட்டைச் சுமந்தது. ரத்த உறவு அந்த வீட்டுக்குள் இருந்த பல வழிகளில் ஒன்று மட்டுமே. இதைச் சொல்லவேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். ரத்தம்தான் சுமந்தது என்று நம்பினால் யாருக்கு நன்றி சொல்லவேண்டும் என்பதில் தவறுகிறோம். இனி எதைக் காப்பாற்றவேண்டும் என்பதிலும் தவறுகிறோம்.

முதலில் அந்தப் பாட்டு எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். ஐரிஷ் மொழியில் பாடப்படும் பழைய முறைக்கு 'ஷான்-நோஸ்' என்று பெயர். பக்கவாத்தியம் கிடையாது, தாளம் போட ஆளும் கிடையாது, ஒரே குரல். பாட்டின் வேகத்தைச் சொற்களின் இயல்பான ஓட்டமே தீர்மானிக்கிறது. ஒரு சொல்லின் நடுவே குரல் மெல்ல உருண்டு, பக்கத்து ஸ்வரங்களைத் தொட்டுவிட்டுத் திரும்பும். நம் கர்நாடக இசையின் கமகத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. இந்த அசைவுகள் ஒரு சரணத்தில் வந்த இடத்தில் அடுத்த சரணத்தில் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேற்கே கானமாராவில் அசைவுகள் நெருக்கமாக வரும்; வடக்கே டோனகலில் ராகம் நேராக, சிக்கனமாகச் செல்லும். ஆங்கில மொழிப் பாடல்களும், ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்து சேர்ந்த நீண்ட கதைப்பாடல்களும் இதே வீடுகளில் இதே தனிக்குரலில்தான் பாடப்பட்டன. பாடுபவர் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொள்வார், அல்லது தரையைப் பார்ப்பார். பக்கத்தில் இருக்கும் ஒருவர் அவருடைய கையைப் பிடித்து, பாட்டின் போக்குக்கேற்ப மெல்லச் சுழற்றிக்கொண்டே இருப்பது உண்டு. சரணங்களுக்கு இடையே கேட்பவர்கள் ஊக்கமாக ஒரு சொல் சொல்வார்கள். கடைசி வரியின் கடைசிச் சொற்களைப் பல பாடகர்கள் பாடாமல் சாதாரணப் பேச்சாகச் சொல்லி முடிப்பார்கள். கேட்பவருக்கும் வேலை வைத்திருக்கும் கலை இது. என் வாதத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது: பாடுபவர் மட்டும் இருந்தால் இது நடக்காது, கேட்கும் கூட்டம் ஒன்று வேண்டும், அந்தக் கூட்டம் ஒரே குடும்பத்தாரால் மட்டும் ஆனதாக ஒருபோதும் இருந்ததில்லை.

பெஸ் க்ரோனினை எடுத்துக்கொள்வோம். கார்க் மாவட்டத்தின் பாலிவோர்னி பகுதியைச் சேர்ந்த பெண். 1879-இல் பிறந்து 1956-இல் மறைந்தார். 1947-இல் பிபிசி அவருடைய குரலைப் பதிவு செய்தது. 1951-இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் வந்தார். அடுத்த ஆண்டுகளில் கென்டக்கி மலைப்பகுதிப் பாடகி ஜீன் ரிச்சி வந்தார். பெஸ்ஸின் பாடல்களைத் திரட்டி, அவருடைய பேரன் தாவி ஓ க்ரோனின் 2000-ஆம் ஆண்டில் ஒரு பெரிய நூலாகப் பதிப்பித்தார். மகன்களில் ஒருவரான ஷான், நாட்டின் நாட்டார் வழக்காற்று ஆணையத்துக்கு முழுநேரச் சேகரிப்பாளராக வேலை பார்த்தவர். குடும்பப் பாரம்பரியம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது என்றுதான் தோன்றும். ஆனால் பெஸ்ஸுக்குப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். தாயிடமிருந்து ஒரு பங்கு வந்தது, உண்மை. தந்தை பள்ளித் தலைமையாசிரியர். பதின்வயதில் பெஸ்ஸைக் குழந்தையில்லாத உறவினர் பண்ணைக்கு ஒத்தாசைக்கு அனுப்பிவைத்தார்கள். அந்தப் பண்ணையில் வேலைக்காரர்கள் இருந்தார்கள்; ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வேறு இடம் தேடிப் போகும் ஆண்களும் பெண்களும். பால் கறக்கும்போதும் அடுப்படியிலும் அவர்கள் பாடியதிலிருந்து பெஸ் எடுத்துக்கொண்டவை ஏராளம். தன் பாடல்கள் தாயிடமிருந்தும் வேலைக்காரர்களிடமிருந்தும் வந்தவை என்பதை அவரே மறைக்காமல் சொன்னார். அவர் பெயர் இன்று நூலின் அட்டையில் இருக்கிறது, இருக்கவேண்டியதுதான். அந்த வேலைக்காரர்களில் பெரும்பாலானோர் பெயர் எங்கும் இல்லை.

பக்கவாட்டு நகர்வு ஏதோ தற்செயல் அல்ல. அந்நாட்டுக் கிராம வாழ்க்கையின் அமைப்பே அதற்குக் காரணம். 1845 முதல் 1852 வரையிலான பெரும் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். அதற்குப் பிறகு நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பங்குபோட விவசாயிகள் அஞ்சினார்கள். ஒரு மகனுக்கு நிலம், ஒரு மகளுக்குச் சீர் என்ற அளவோடு நின்றது. மற்றவர்கள் ஒன்று நாட்டைவிட்டுப் போனார்கள், இல்லையென்றால் திருமணமாகாமல் வீட்டிலேயே தங்கினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடுவயதைக் கடந்த ஐரிஷ் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மணமாகாதவர். பல பண்ணை வீடுகளில் ஒரு அத்தையோ, ஒரு சித்தப்பாவோ, மணமாகாத ஒரு பெரியப்பாவோ அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் அதிகப் பாட்டு தெரிந்தவரும், சிறு பிள்ளைகளோடு அதிக நேரம் கழித்தவரும் பல இடங்களில் அவர்கள்தான். இன்னொரு பக்கம், பாடகர்களின் சொந்தப் பிள்ளைகள் பாஸ்டனிலும் லண்டனிலும் இருந்தார்கள். 1951-க்கும் 1961-க்கும் இடையே மட்டும் குடியரசிலிருந்து வெளியேறியவர்களின் நிகர எண்ணிக்கை 4 லட்சத்தைத் தாண்டியது. அப்போது மொத்த மக்கள்தொகையே 30 லட்சத்துக்குக் கீழே. இப்படி ஒரு நாட்டில் தாயின் பாட்டு மகளிடம்தான் போகும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமே இல்லை. பக்கத்தில் யார் இருந்தார்களோ அவர்களிடம் போனது.

கால்வே மாவட்டத்தில் காஹர்லிஸ்ட்ரான் என்றொரு சிற்றூர். அங்கே சாரா கீன், ரீட்டா கீன் என்று இரு சகோதரிகள். அவர்களுடைய சகோதரனின் மகள் டொலொரஸ் 1953-இல் பிறந்தவர். நான்கு வயதிலிருந்து இந்த இரு அத்தைமாரின் வீட்டில் வளர்ந்தார். ஐந்தாம் வயதில் வானொலிக்காரர்கள் அந்த வீட்டுக்கு வந்து அவருடைய குரலைப் பதிவு செய்துகொண்டு போனார்கள். பின்னாளில் டி டானன் குழுவின் தொடக்ககாலப் பாடகியாகி, நாடறிந்த குரலானார். அவருடைய தம்பி ஷானும் பாடகர். ஆனால் இந்தக் குடும்பத்தில் உற்றுக் கேட்கவேண்டியது அத்தைமாரின் பாட்டுதான். ஷான்-நோஸ் தனிக்குரல் கலை என்று சொன்னேன். சாராவும் ரீட்டாவும் அதை இருவராகச் சேர்ந்து பாடினார்கள். ஒருவர் ராகமும் மற்றவர் அதற்கு இசைவான கீழ்ஸ்வரமும் பாடும் முறை அல்ல அது. இருவரும் ஒரே ஸ்வரத்தில், ஒரே மூச்சில், ஒரே அசைவோடு பாடினார்கள். ஒரு சொல்லின் நடுவே குரல் உருளும் இடத்தில் இரண்டு குரலும் சேர்ந்தே உருளும்; வரி முடிவில் ஒருவர் நிறுத்துமிடத்தில் மற்றவரும் நிறுத்துவார். தாளக்கட்டு இல்லாத பாட்டில், கை காட்ட ஆளில்லாமல், இது எப்படி முடியும்? எழுதிவைத்துப் பயிற்சி செய்து வருவதல்ல. ஒரே கூரையின் கீழ், ஒரே வேலையைச் செய்துகொண்டு, ஒருவர் மூச்சை மற்றவர் அறிந்து பல பத்தாண்டுகள் வாழ்ந்தால்தான் வரும். ரத்தம் ஒன்றாக இருந்தும் வெவ்வேறு ஊரில் வாழ்ந்த சகோதரிகளுக்கு இது வாய்த்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். 1968-இல் வெளிவந்த அவர்களுடைய இசைத்தட்டு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. வீடு என்பது பாட்டுக்கு என்ன செய்யும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

டோனகல் மாவட்டத்து ரான்னஃபாஸ்டைச் சேர்ந்த நெலி நி டோனல் (1907-1984) இன்னொரு அத்தை. அவருடைய சகோதரனின் பிள்ளைகளான மிஹாலும் ட்ரீனாவும் மரேட்டும் மீத் மாவட்டத்தில் வளர்ந்தவர்கள். கோடை விடுமுறைக்கு அத்தை ஊருக்குப் போவார்கள். தந்தையும் பாட்டு அறிந்தவர்தான். என்றாலும் பழைய பாடல்களின் பெருங்களஞ்சியம் நெலியிடம் இருந்தது. மிஹால் பின்னர் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் நாட்டார் வழக்காற்று ஆவணத்துக்காக அத்தையிடமிருந்து 280-க்கும் மேற்பட்ட பாடல்களைச் சேகரித்துக் கொடுத்தார். இதே மிஹாலும் சகோதரிகளும் சேர்ந்த 'ஸ்காரா ப்ரே' குழு 1971-இல் ஐரிஷ் மொழிப் பாடல்களை கிட்டாரோடும் பல குரல் இசைவோடும் பாடிப் புதுவழி திறந்தது. நெலி தனியாகப் பாடிய பாட்டை மருமக்கள் கூட்டாகப் பாடினார்கள். இது மரபைக் கெடுத்ததா என்று அக்காலத்தில் கேட்டவர்கள் உண்டு. அத்தையிடம் உட்கார்ந்து முழுப்பாட்டையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு மாற்றியவர்கள் அவர்கள். அறியாமல் மாற்றுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

வீட்டுக்கு வெளியே இருந்து வந்தவர்களைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்லவேண்டும். கிராமங்களில் இரவு நேரத்தில் அக்கம்பக்கத்தார் வந்து கூடும் வீட்டுக்கு 'ராம்ப்ளிங் ஹவுஸ்' என்று பெயர். வடக்கே 'கெய்லி ஹவுஸ்' என்பார்கள். அழைப்பு கிடையாது, கதவு திறந்திருக்கும். சீட்டாட்டம், ஊர்ச்செய்தி, கதை, பாட்டு எல்லாம் அங்கேதான். சந்தைக்குப் போனவர்கள் ஒற்றைத் தாளில் அச்சிட்ட பாட்டை ஒரு காசுக்கு வாங்கிவந்து அங்கே பாடிக்காட்டுவார்கள். ஆக அச்சுக்கும் இதில் பங்கு உண்டு. 'எழுத்தே தீண்டாத வாய்மொழி மரபு' என்பதும் மிகை. அந்தத் தாள்களைச் சந்தைதோறும் பாடி விற்றவர்களில் பலர் 'டிராவலர்கள்' என்ற நாடோடிச் சமூகத்தார். தகரப்பாத்திரம் செய்து, குதிரை வாங்கி விற்று, பண்ணைக்குப் பண்ணை சென்றவர்கள். மிகப் பழைய கதைப்பாடல்கள் பல இவர்களிடம்தான் உயிரோடு இருந்தன. ராஸ்காமன் மாவட்டம் பாயில் ஊரில் வசித்த ஜான் ரைலியை டாம் மனெலி என்ற சேகரிப்பாளர் 1960-களில் கண்டுபிடித்தார். வாய்மொழியில் வழக்கொழிந்ததாக அறிஞர்கள் கருதியிருந்த ஒரு கதைப்பாடலை ரைலி முழுதாகப் பாடினார். வறுமையில், பாழடைந்த வீட்டில் குளிரில் நோயுற்று 1969-இல் இறந்துபோனார். 1973-இல் பிளாங்க்ஸ்டி குழு அந்தப் பாட்டின் பெயரையே தங்கள் இசைத்தட்டுக்கு வைத்தது. பாட்டு உலகம் சுற்றியது. அயர்லாந்து அரசு டிராவலர்களைத் தனி இனக்குழுவாக அங்கீகரித்தது 2017-இல்தான். அவர்கள் பாட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், அவர்களுக்குப் பல ஊர்களில் குடியிருக்க இடம் கிடைக்கவில்லை. 'எங்கள் குடும்பப் பாட்டு' என்று ஒருவர் சொல்லும்போது அதற்குள் இவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது.

நேர்க்கோட்டுப் பரம்பரையே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆர்மா மாவட்டம் கீடி என்ற நெசவாலை ஊரில் வாழ்ந்த சாரா மேக்கெம் (1900-1983) தன் தாய் சமைத்துக்கொண்டே பாடியதை ஓரிரு முறை கேட்டே பாடம் செய்தவர். 1950-களில் பிபிசியின் நாட்டுப்பாடல் வானொலி நிகழ்ச்சி ஒன்று அவருடைய குரலோடுதான் ஒவ்வொரு முறையும் தொடங்கியது. மகன் டாமி மேக்கெம் கிளான்சி சகோதரர்களோடு சேர்ந்து அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்றார்; டாமியின் பிள்ளைகளும் பாடகர்கள். தாய், மகள், பேரன், கொள்ளுப்பேரன் என்று அழகாக இறங்கும் கோடு. ஆனால் கவனித்துப் பார்த்தால் இந்தக் கோட்டிலும் வந்தவர்களின் கை இருக்கிறது. 1955-இல் டயான் ஹாமில்டன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் சாராவைப் பதிவு செய்ய வந்தபோது லியாம் கிளான்சியைக் கூட அழைத்துவந்தார். சாராவின் வீட்டில்தான் டாமியும் லியாமும் சந்தித்தார்கள். தாயின் பாட்டைக் கேட்க அந்நியர் வந்த வீடு என்பதால்தான் மகனுடைய வழி திறந்தது. அதோடு, மகனிடம் போனது பாட்டின் சொல்லும் ராகமும். பாடும் முறை வேறாகிவிட்டது. பாஞ்சோ, கிட்டார், கம்பளி ஸ்வெட்டர், அரங்கம் முழுவதும் சேர்ந்து பாடும் பல்லவி. அது தனி அழகு, லட்சக்கணக்கானவர்களை மகிழ்வித்த அழகு. ஆனால் சாரா பாடிய முறையைத் தேடுபவர் டாமியின் இசைத்தட்டில் தேடினால் கிடைக்காது. நேர்வாரிசு இருந்தாலும் எல்லாம் நேராக இறங்கிவிடாது என்பதற்கு இந்தக் குடும்பமே சாட்சி.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எல்லாம்தான் பதிவாகிவிட்டதே, இனி வீடு எதற்கு என்பது அது. 1935-இல் நாட்டார் வழக்காற்று ஆணையம் அமைந்தது. 1942-இல் அதில் சேர்ந்த ஷேமஸ் எனிஸ், சைக்கிளில் கானமாராவைச் சுற்றினார். கொலம் ஓ கீயான் என்ற மீனவ விவசாயி ஒருவரிடமிருந்து மட்டும் 200-க்கும் மேற்பட்ட பாடல்களை எழுதிக்கொண்டார். அவர் வேலையில் இருந்த நேரத்தில் காத்துக்கிடக்காமல், வயலில் எனிஸும் கைகொடுத்தார். 1987-இல் டப்ளினில் ஐரிஷ் மரபிசை ஆவணக் காப்பகம் தொடங்கியது. இவையெல்லாம் பெரும்பணி, சந்தேகமே இல்லை. ஆனால் ஆவணத்துக்கும் எல்லை உண்டு. ஆணையத்தின் தொடக்க காலத்தில் குரலைப் பதிந்த மெழுகு உருளைகளை, சொற்களை எழுதிக்கொண்டபின் மேற்பரப்பைச் சீவி மறுபடி பயன்படுத்தினார்கள். புது உருளை வாங்கப் பணமில்லை. சொல் பிழைத்தது, குரல் போய்விட்டது. குரல் பிழைத்த பதிவுகளிலும் ஒரு பாட்டை ஒருவர் ஒரு நாள் பாடிய விதம் மட்டுமே இருக்கிறது. அடுத்த நாள் எப்படி மாற்றிப் பாடியிருப்பார் என்பது இல்லை. மாற்றத்தின் இலக்கணத்தைப் பல முறை கேட்டுத்தான் கற்கவேண்டும். பெஸ் க்ரோனினுக்குப் பேரன் முறையாகும் இயர்லா ஓ லியனார்ட் இங்கே நல்ல உதாரணம். பெஸ் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் அவர்; பெஸ்ஸின் குரல் அவருக்குப் பதிவாக மட்டுமே கிடைத்திருக்க முடியும். ஆவணத்தின் பயனுக்கு இது சான்று என்று சொல்லலாம், நானும் மறுக்கவில்லை. ஆனால் அவர் அந்தப் பதிவுகளைக் கேட்டது எங்கே இருந்துகொண்டு? பெஸ்ஸின் ஊரை ஒட்டிய கூல் ஆ கிராமத்தில், ஐரிஷ் பேசும் வீட்டில், இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா தொடங்கி அவர் மகன் தொடர்ந்த ஊர்ப் பாடகர் குழுவில் பாடிக்கொண்டே கேட்டார். பதிவைத் திறக்கும் சாவி அந்தச் சூழலில் இருந்தது. பிற்பாடு ஆப்பிரிக்க இசைஞர்களோடு சேர்ந்து பாடியபோதும், 2015-இல் வெளிவந்த 'ப்ரூக்ளின்' திரைப்படத்தில் முதிய தொழிலாளியாக நின்று பாடியபோதும் அந்தச் சாவியை அவர் தொலைக்கவில்லை.

வகுப்புகளும் போட்டிகளும் வீட்டின் இடத்தை நிரப்பிவிடும் என்பவர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். ஆண்டுதோறும் நடக்கும் 'ஓரக்டஸ்' விழாவில் ஷான்-நோஸ் பாடகர்களுக்கான ரியாடா கோப்பை 1972 முதல் இருக்கிறது. 1951-இல் தோன்றிய கோல்டஸ் அமைப்பு ஊர்தோறும் வகுப்பு நடத்துகிறது. இவை இல்லாவிட்டால் பல இளைஞர்களுக்குப் பாட்டே எட்டியிருக்காது. என் குறை ஒன்றே ஒன்றுதான்: வகுப்பில் ஒரே வயதுப் பிள்ளைகள் உட்காருகிறார்கள், ஒரே பாட்டைக் கற்கிறார்கள், பாட்டை நன்றாகப் பாடக் கற்கிறார்கள். கேட்கக் கற்பதற்குப் பாடத்திட்டம் இல்லை. 500-க்கும் மேற்பட்ட பாடல்கள் அறிந்த கார்னா ஊர் ஜோ ஹீனி, பாட்டின் பின்னணிக் கதையைச் சொல்லாமல் அநேகமாகப் பாடமாட்டார். அந்தக் கதை தெரியாதவருக்குப் பாட்டு பாதிதான் என்பது அவர் கருத்து. நியூயார்க்கில் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாயிற்காவலராக வேலை பார்த்தவர், வாழ்வின் கடைசி ஆண்டுகளில் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பாடிக் கற்பித்தார். 1984-இல் அங்கேயே இறந்தார். அந்த மாணவர்களில் யாரும் அவருக்கு உறவல்ல. ஆனால் அவர் நடத்தியது வழக்கமான வகுப்பு அல்ல. அடுப்பங்கரையில் உட்கார்ந்து கதை சொல்லிப் பாடுவதுபோலவே பாடிக்காட்டினார், அவர்கள் கேட்டார்கள். வகுப்பறைக்குள்ளும் வீட்டைக் கொண்டுவரலாம் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வீடுகளைப் பற்றி இவ்வளவு ஏக்கத்தோடு பேசுவது அங்கிருந்த வறுமையை மறைப்பதாகாதா? நியாயமான கேள்வி. கூலிக்கு வந்த பெண் பாடியது அவள் உழைப்பைச் சுரண்டிய வீட்டில். மணமாகாத அத்தை அங்கே இருந்தது அவளுக்கு வேறு வழி இல்லாததால். அந்த நிலைமை திரும்பவேண்டும் என்று யாரும் ஆசைப்படக்கூடாது. ஆனால் வறுமை போனதால்தான் வீடு மூடியது என்று சொல்வதும் சரியல்ல. மூடியதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1935-இல் வந்த பொது நடன அரங்குச் சட்டம், உரிமம் இல்லாமல் நடனக்கூட்டம் நடத்துவதைக் குற்றமாக்கியது. பாதிரியார்கள் அதை வீட்டு நடனங்களுக்கும் நீட்டி, கூடும் வீடுகளைக் கண்டித்தார்கள். வழக்கும் அபராதமும் வந்த இடங்கள் உண்டு. பாட்டும் நடனமும் ஒரே இரவில், ஒரே அறையில் நடந்தவை. ஒன்று போனால் மற்றதற்கும் கூட்டம் குறையும். பிறகு மின்சாரம் வந்தது, 1961-இன் கடைசி நாளில் தொலைக்காட்சி வந்தது, பிள்ளைகள் கப்பலேறினார்கள். வறுமை நீங்கியும் கதவைத் திறந்து வைத்திருக்க முடியும் என்பதைக் கீன் சகோதரிகள் 20-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நிரூபித்தார்கள். பாட்டு கேட்க வந்தவர்களை அவர்கள் திருப்பி அனுப்பவில்லை.

அரசு செய்த ஒரு காரியத்தை மனமாரப் பாராட்டவேண்டும். 1937 முதல் 1939 வரை, சுமார் 5,000 தொடக்கப்பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வீட்டுவேலை கொடுத்தார்கள். வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள முதியவர்களிடம் போய் கதை, வைத்தியம், பழக்கவழக்கம், பாட்டு எல்லாவற்றையும் கேட்டு எழுதிவரவேண்டும். ஏறத்தாழ 7 லட்சத்து 40 ஆயிரம் பக்கங்கள் சேர்ந்தன. பல தாள்களில் சொன்னவர் பெயரும் ஊரும் வயதும் பிள்ளையின் கையெழுத்தில் இருக்கின்றன. சொன்னவர் தாத்தாவாக இருக்கலாம், தெருமுனைக் கிழவியாக இருக்கலாம், வேலைக்கு வந்தவராகவும் இருக்கலாம். ரத்த உறவா என்று அந்தப் படிவம் கேட்கவில்லை. யாரிடம் கேட்டாய் என்று மட்டும் கேட்டது. அயர்லாந்தின் பாட்டு எப்படிக் கைமாறியது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்ட கேள்வி அதுதான்.

இந்தப் பாடகர்களின் பதிவுகள் பல இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆலன் லோமாக்ஸ் 1951-இல் அயர்லாந்தில் செய்தவையும் அவற்றில் உண்டு. மொழி புரியாவிட்டாலும் ஒரு பாட்டை முழுதாகக் கேளுங்கள். பாட்டுக்கு முன்னும் பின்னும் வரும் பேச்சைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இது யாரிடம் கற்றது என்று பாடுபவர் சொல்லும் இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.